மலைக்கிராமங்களுக்கு ஒரு மாத்திரைப் பெட்டி: வடிவமைப்புக்கு யோசனை தேவை

கோத்தகிரி மெக்கானிக் | திங்கள், இரவு 9.10

வணக்கம். கோத்தகிரியில் டிவி, இன்வர்ட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வேளை தவறாமல் மாத்திரை போட உதவும் ஒரு கருவியைச் செய்யலாம் என்று இறங்கியிருக்கிறேன். விற்பதற்காக அல்ல. எங்கள் ஹட்டியிலும் (படுகர் ஊர்) பக்கத்து ஹட்டிகளிலும் தனியாக இருக்கும் பெரியவர்களுக்காக.

பிள்ளைகள் கோவை, திருப்பூர், பெங்களூரு என்று வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். ஆளுக்கு நான்கைந்து மாத்திரை. என் அத்தைக்குத் தைராய்டு, பிரஷர், சுகர், எலும்புக்குக் கால்சியம். எல்லா அட்டைகளையும் ஒரே மஞ்சள் பையில் போட்டுச் சமையலறை ஆணியில் மாட்டியிருக்கிறார். நிறத்தை வைத்துத்தான் மாத்திரையை அடையாளம் காண்கிறார். கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் நிறம் மாறிவிடும். அன்றைக்கே குழப்பம் தொடங்கிவிடும்.

என் திட்டம் இது. வட்டத் தட்டில் 28 அறைகள்: நாளைக்கு நான்கு வேளை, ஏழு நாள். படிப்படியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டார் தட்டைத் திருப்பும். நேரம் வந்ததும் ஒலி எழும், மாத்திரை கீழே உள்ள கிண்ணத்தில் விழும். எடுக்காவிட்டால் பிள்ளைகளுக்குக் குறுஞ்செய்தி போகும். 28பிஒய்ஜே-48 என்ற அந்த மோட்டார், எல்லாவற்றையும் இயக்கும் ஈஎஸ்பி32 மின்னணுப் பலகை, சிம் போட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும் சிம்800எல் எல்லாம் வாங்கியாயிற்று. மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் ஒரு நாள், இரண்டு நாள் கரண்ட் இருக்காது. எனவே பேட்டரியில் ஓட வேண்டும்.

எதை மாற்றலாம், எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். மருத்துவத் துறையில் இருப்பவர்களின் கருத்து மிகவும் தேவை.

இந்துநகர் | திங்கள், இரவு 10.25

தம்பி, நல்ல காரியம். நான் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் கருவிப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். பிலிம் இருக்கும் இடத்தில் காற்றின் ஈரத்தைக் கண்காணிப்பது எங்கள் அன்றாட வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் திட்டத்தில் முதலில் உறுத்துவது மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி அறையில் போட்டு வைப்பதுதான்.

ஆடி மாதம் நம் வீடுகளில் உப்பு ஜாடி தண்ணீர் விட்டுக்கொள்கிறது, அலமாரியில் இருக்கும் தோல் பையில் பூஞ்சை பிடிக்கிறது. அந்தக் காற்றில் ஒரு வாரம் மாத்திரை திறந்து கிடக்கலாமா? சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்கலாம். ஆனால் நாளைக்கு நான்கு முறை திறக்கும் பெட்டியில் அது சீக்கிரம் ஈரம் குடித்து நிறைந்துவிடும். எடுத்துக் காயவைக்க ஆள் வேண்டும்.

அடுத்தது மோட்டார். ஊறி உப்பிய மாத்திரைத் துண்டு ஒன்று தட்டுக்கு அடியில் மாட்டினால் தட்டு நின்றுவிடும். அந்த வகை மோட்டாருக்குத் தான் உண்மையில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது, எத்தனை படி நகரச் சொன்னோம் என்ற கணக்கு மட்டும்தான் பலகையில் இருக்கும். பெட்டி திங்கள் இரவு என்று நினைத்துக்கொண்டிருக்கும், கிண்ணத்தில் விழுவது திங்கள் காலை மாத்திரையாக இருக்கும். மருந்து விஷயத்தில் இது சின்னக் கோளாறு அல்ல.

குன்னூர் மருந்தாளுநர் | செவ்வாய், காலை 7.05

இந்துநகர் ஐயா சொன்ன ஈரத்தைப் பற்றி மருந்துக் கடையில் நிற்பவனாக நானும் சொல்ல வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்புரோயேட் காற்றின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். அட்டையிலிருந்து பிரித்து வைத்தால் பிசுபிசுத்துக் கெட்டுவிடும். ஆஸ்பிரின் ஈரம் பட்டால் சிதைந்து அசிட்டிக் அமிலம் பிரியும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்த மாத்திரையைப் போடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் டாபிகாட்ரான் காப்ஸ்யூலையும் அதன் உறையைவிட்டு எடுத்து வைக்கக் கூடாது.

'நான்கு வேளை' என்று சமமாகப் பிரிப்பதும் சரிவராது. தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. நம் மலையில் கண் விழித்ததும் தேநீர் குடிப்பது வழக்கம். அந்தத் தேநீரும் அதற்குப் பிறகுதான். கால்சியமும் இரும்புச் சத்தும் தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளியிருக்க வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ஆகவே உங்கள் அத்தையின் கால்சியம் காலை வேளையில் வரவே கூடாது. இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் அதுவும் பாதி வீண்.

சுகருக்கான மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு. இன்னொரு சுகர் மாத்திரையான கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து மயக்கம் வரும். எட்டு மணிக்குப் பெட்டி ஒலித்தது என்று அடுப்பு பற்றவைக்கும் முன்பே அதைப் போட்டுவிட்டால், உதவ வந்த பெட்டியே ஆபத்தாகிவிடும்.

இன்னொன்று முக்கியம். விட்டுப்போன வேளைக்காக அடுத்த வேளையில் இரண்டாகப் போடக் கூடாது என்பது பொது விதி. உங்கள் வடிவமைப்பில் காலை மாத்திரையை எடுக்காவிட்டால் அது கிண்ணத்திலேயே கிடக்கும், மதிய மாத்திரையும் அதன் மேல் விழும். பெரியவர் இரண்டையும் சேர்த்து வாயில் போட்டுக்கொள்வார்.

மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் எந்த நினைவூட்டும் பெட்டிக்குள்ளும் வரவே கூடாது. அதைத் தினசரி மாத்திரை என்று நினைத்துப் போட்டு உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

திருப்பூர் வாசி | செவ்வாய், காலை 9.40

சொந்த ஊர் கோத்தகிரிப் பக்கம். அப்பாவுக்குக் கைப்பேசியில் அலாரம் வைத்துக் கொடுத்திருக்கிறேன். தனியாக ஒரு பெட்டி எதற்கு? கைப்பேசியே போதாதா?

ஊட்டி பயிற்சி மருத்துவர் | செவ்வாய், மாலை 4.15

திருப்பூர் அண்ணா, உங்கள் கேள்விக்கு ஓரளவு விடை இருக்கிறது. 2015-ல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் சீனக் காசநோயாளிகளைப் பற்றிய ஓர் ஆய்வு வந்தது. மாத மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் விட்டுவிட்ட மாதங்களை எண்ணினார்கள். வழக்கமான கவனிப்பில் அது சுமார் 30 சதவீதம். குறுஞ்செய்தி மட்டும் பெற்றவர்களிடம் 27. ஒலி எழுப்பி, திறந்த நேரத்தைப் பதிவுசெய்யும் பெட்டி வைத்திருந்தவர்களிடம் 17. குறுஞ்செய்தியால் பெரிய பலன் இல்லை, பெட்டியால் இருந்தது.

ஆனால் இதை வைத்துப் பெட்டியே மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். 2017-ல் அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் சாதாரண மாத்திரைப் பெட்டி, நேரம் காட்டும் மூடி, நாள் குறிக்கும் பட்டை ஆகியவற்றை அஞ்சலில் அனுப்பிவைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது எதுவுமே பலன் தரவில்லை.

நோயும் நாடும் வேறு, கருவியும் வேறு. ஆனாலும் எனக்குப் படுகிற முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. சீனாவில் மாதம் ஒரு முறை மருத்துவர் அந்தப் பதிவைப் பார்த்தார், விட்டவர்களிடம் பேசினார், தேவைப்பட்டால் கண்காணிப்பைக் கூட்டினார். அமெரிக்காவில் பொருள் மட்டும் வீட்டுக்கு வந்தது, ஆள் வரவில்லை. நீண்டகால நோய்களுக்கு வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு 2003-ல் எழுதியது. அதில் மறதி ஒரு காரணம் மட்டுமே.

கோத்தகிரி அண்ணா, பெட்டியைச் செய்யத் தொடங்குவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: பதிவை யார் பார்ப்பார்?

கூடலூர் செவிலி | செவ்வாய், இரவு 8.50

இந்தக் கேள்வியைத்தான் நானும் எழுத வந்தேன்.

காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. இரண்டாவது மாதம் முடியும்போது இருமல் நின்றிருக்கும், பசி எடுத்திருக்கும், எடை கூடியிருக்கும். அங்கேதான் நிறுத்துகிறார்கள். அது மறதி அல்ல. 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்ற எண்ணம். அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். வயிற்றெரிச்சல், வாந்தி என்று நிறுத்துபவர்களும் உண்டு. இவர்கள் யாருக்கும் பஸ்ஸர் சத்தம் உதவாது. ஏன் நிறுத்தினீர்கள் என்று அன்பாகக் கேட்க ஒருவர் போக வேண்டும். யாரிடம் போக வேண்டும் என்று காட்டுவதே பெட்டியின் வேலை.

காசநோய்த் திட்டத்தில் '99டாட்ஸ்' என்ற முறை வந்தது. மாத்திரையைப் பிதுக்கினால் உறையில் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும், அதற்கு இலவசமாக அழைத்தால் அன்றைய மாத்திரை போட்டதாகப் பதிவாகும். எளிமையான, செலவு குறைந்த யோசனை. ஆனால் வீட்டில் ஒரே கைப்பேசி, அது கணவரோடு வேலைக்குப் போய்விடும். சரிவில் இருக்கும் வீட்டுக்கு சிக்னல் கிடைக்காது. அழைப்பு வரவில்லை என்றால் மாத்திரை போடவில்லை என்று சொல்லிவிட முடியாது. திருப்பூர் தம்பி, கைப்பேசி போதாதா என்றீர்களே, எங்கள் பக்கம் நிலைமை இதுதான்.

கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், இருளர், குறும்பர் குடியிருப்புகளில் அரிவாள் செல் சோகை (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஃபோலிக் அமிலம் தினமும், சிலருக்கு ஹைட்ராக்சியூரியாவும் தினமும். ஒரு நாள் விட்டால் அன்றே எதுவும் தெரியாது. பல வாரம் விட்டால் மூட்டிலும் முதுகிலும் தாங்க முடியாத வலியோடு வருவார்கள். வேளைக்கு மருந்து என்பது இவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு நடைமுறை விஷயம். இரவு எட்டு மணிக்கு 'மாத்திரை எடுக்கவில்லை' என்று செய்தி வந்தால் யார் போவது? மாலை ஆறுக்குப் பிறகு பாதையில் யானை நிற்கும். உடனடிச் செய்தி எங்களுக்குத் தேவையில்லை. எந்த வீட்டில் இந்த வாரம் பல வேளை விட்டுப்போயிருக்கிறது என்று காலையில் தெரிந்தால் போதும்.

மஞ்சூர் மின்னணு | புதன், காலை 6.30

சிஸ்டர் சொன்னதைக் கேட்ட பிறகு மின்னணுப் பக்கம் எளிதாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

சிம்800எல் வேண்டாம். அது 2ஜி மட்டுமே, ஜியோ சிம் அதில் ஓடவே ஓடாது. கோபுரத்தைத் தேடும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், பேட்டரி தளர்ந்திருந்தால் முழுப் பலகையும் அணைந்து மறுபடி தொடங்கும். குந்தாப் பள்ளத்தில் சோதித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். பதிவைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ஈஎஸ்பி32-ல் புளூடூத் இருக்கிறது. வீட்டுக்கு வருபவர் தன் கைப்பேசியைப் பக்கத்தில் கொண்டுவந்தால் பதிவு இறங்கிவிடும்.

ஈஎஸ்பி32 சில்லு ஆழ்ந்த உறக்கத்தில் 10 மைக்ரோஆம்பியர் அளவில்தான் எடுக்கும். ஆனால் கடையில் கிடைக்கும் பலகையில் உள்ள யுஎஸ்பி சில்லு, மின்னழுத்தச் சீராக்கி, சதா எரியும் சிவப்பு விளக்கு எல்லாம் சேர்ந்து பல மில்லிஆம்பியரைத் தின்னும். 10 மில்லிஆம்பியர் என்று வைத்தால் 2500 எம்ஏஹெச் (மில்லிஆம்பியர்-மணி) செல் பத்து நாளில் காலி. சில்லை மட்டும் தனிப் பலகையில் பற்றவைத்து 0.1 மில்லிஆம்பியருக்குள் அடக்கினால் உறக்கச் செலவு ஒரு பொருட்டே இல்லை. ஒலிக்கும் விளக்குக்கும் ஆகும் செலவுதான் மிஞ்சும், மாதக்கணக்கில் ஓடும்.

கடிகாரத்துக்கு டிஎஸ்3231 என்ற சில்லு. வெப்பநிலைக்கு ஏற்ப அதுவே திருத்திக்கொள்ளும், ஆண்டுக்கு ஒரு நிமிட அளவில்தான் பிசகும். சாதாரணப் படிகக் கடிகாரம் நம் குளிரில் பின்தங்கிக்கொண்டே போகும். கடையில் கிடைக்கும் நீலப் பலகையில் ஒரு டயோடும் 200 ஓம் மின்தடையும் சேர்ந்து பொத்தான் பேட்டரியைச் சார்ஜ் செய்யப் பார்க்கும். நீங்கள் போடும் சிஆர்2032 சார்ஜ் ஏற்றக் கூடாத வகை, 5 வோல்ட்டில் ஓட்டினால் உப்பி வெடிக்கலாம். அந்த மின்தடையைக் கழற்றிவிடுங்கள்.

பெட்டியைத் திறந்ததை அறிய, காந்தம் நெருங்கினால் இயங்கும் ரீட் ஸ்விட்ச் போதும். கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்திருப்பதால் பனிமூட்டம் தொடுமுனையைத் தொடாது. அகச்சிவப்பு உணரியின் மேல் பனி படியும், எடை உணரி வெப்பநிலைக்கு ஏற்ப அலையும். இரண்டும் இங்கே வேண்டாம்.

கோத்தகிரி மெக்கானிக் | புதன், இரவு 9.30

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மோட்டாரையும் சிம்மையும் எடுத்துவிட்டேன். புதிய வடிவம்: 28 அறை கொண்ட சாதாரணத் தட்டு. அட்டையைக் கத்தரித்து ஒவ்வொரு மாத்திரையாக, படலத்தோடு அறையில் போடுவது. ஈரம் படாது. சரிதானா?

குன்னூர் மருந்தாளுநர் | புதன், இரவு 10.05

ஈரம் படாது, ஆனால் தயவுசெய்து கத்தரிக்க வேண்டாம். ஒற்றை மாத்திரையாகக் கத்தரித்த துண்டைப் படலத்தோடு அப்படியே விழுங்கிவிடும் முதியவர்கள் உண்டு. அதன் கூரிய மூலை உணவுக்குழாயைக் கிழித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. கண் மங்கியவர்களுக்கு இது பெரிய அபாயம். மேலும், கத்தரித்தால் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் துண்டோடு போய்விடும்.

வேளைக்கு ஓர் இழுப்பறை வையுங்கள். முழு அட்டையையே உள்ளே வையுங்கள். ஒரே மருந்து இரண்டு வேளை என்றால் இரண்டு இழுப்பறையிலும் ஒவ்வோர் அட்டை. வாராவாரம் நிரப்பும் வேலையும் இல்லை. மீதியை எண்ணினால் உண்மையில் எத்தனை போட்டார் என்பதும் தெரிந்துவிடும்.

இந்துநகர் | வியாழன், காலை 5.50

இழுப்பறை யோசனை அருமை. வேளை வந்ததும் அந்த இழுப்பறையின் விளக்கு எரியட்டும். திறந்து மூடினால் அணையட்டும். 'போட்டேனா இல்லையா' என்ற சந்தேகத்தில்தான் என் வயதுக்காரர்கள் இரண்டாம் முறை போட்டுவிடுகிறோம். அணைந்த விளக்கு அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும். வேளை கடந்துவிட்டால் விளக்கு தானே அணைந்து, விட்டுப்போனதாகப் பதிவாகட்டும், அடுத்த வேளைக்குச் சேர்த்து எரிய வேண்டாம்.

சிறிய பஸ்ஸர் வைக்காதீர்கள். அவை பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸில் கீச்சிடும். முதுமையில் காது முதலில் இழப்பதே இந்த உயர்ந்த ஒலிகளைத்தான். பேரக்குழந்தைக்குக் கேட்கும், தாத்தாவுக்குக் கேட்காது. சின்ன ஸ்பீக்கர் வைத்து, 500 முதல் 1000 ஹெர்ட்ஸுக்குள் மணியோசை கொடுங்கள். அதற்குப் பிறகு வீட்டார் குரலில், அவர்கள் பேசும் மொழியில், 'சாப்பிட உட்காரும்போது இரண்டாவது இழுப்பறை' என்று ஒரு வரி. படுக மொழி பேசும் வீட்டில் அந்த மொழியிலேயே சொல்லட்டும்.

மகள், கோவை | வியாழன், காலை 11.20

என் அம்மாவுக்கு மறதி நோய். மாத்திரையைக் கண்டால் எடுத்து எடுத்துப் போட்டுக்கொள்கிறார். இந்தப் பெட்டி எங்களுக்கு உதவுமா?

ஊட்டி பயிற்சி மருத்துவர் | வியாழன், பிற்பகல் 1.10

உதவாது அக்கா. உங்கள் அம்மாவுக்குத் தேவை பூட்டு, அதைத் திறந்து கையில் கொடுக்க ஒருவர். இழுப்பறைப் பெட்டி திறந்தே இருக்கும், அவருக்கு அது ஆபத்து. மருத்துவரிடம் சொல்லி ஒரு நாளைக்கு ஒரே வேளையாக மருந்தைச் சுருக்க முடியுமா என்று கேளுங்கள். பல மருந்துகளில் முடியும். ஒரு வேளை என்றால் பக்கத்து வீட்டார்கூட உதவ முடியும்.

கோத்தகிரி அண்ணாவுக்கு இரண்டு விஷயம். முதல் முயற்சியில் பிரஷர், சுகர், தைராய்டு மட்டும் போதும். வலிப்பு மருந்து ஒரு வேளை தவறினாலே வலிப்பு வரலாம், அதைச் சோதனைப் பெட்டியை நம்பி விட வேண்டாம். இரண்டாவது விஷயம், சட்டம். 2017-ன் மருத்துவக் கருவிகள் விதிகள் இருக்கின்றன. 2020 ஏப்ரல் முதல் மென்பொருள் உட்பட எல்லா மருத்துவக் கருவிகளும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. உறவினர் வீட்டைத் தாண்டிப் போவதற்கு முன்பு விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடலூர் செவிலி | வியாழன், இரவு 9.00

ஒலியை அணைத்து வைக்க ஒரு வசதி கட்டாயம் வேண்டும். எஸ்டேட் லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். காசநோய் என்று தெரிந்தால் குழந்தைகளை விளையாட விடமாட்டார்கள், தண்ணீர்க் குழாயில் விலகி நிற்பார்கள். தினமும் ஒரே நேரத்தில் பெட்டி பேசினால் லைன் முழுவதும் தெரிந்துவிடும். பெட்டியின் மேல் நோயின் பெயரோ மருத்துவமனைச் சின்னமோ எதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்குத் தகவல் போக வேண்டுமா என்பதையும் பெரியவரிடமே கேளுங்கள். தன் உடம்பைப் பற்றிய செய்தி யாருக்குப் போகிறது என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கு உண்டு.

திருப்பூர் வாசி | வியாழன், இரவு 10.15

இதில் எனக்கு உடன்பாடில்லை அக்கா. அப்பா மாத்திரையை விட்டால் ராத்திரியோடு ராத்திரியாக மலையேறி வருவது நான். எனக்குத் தெரிய வேண்டாமா?

கூடலூர் செவிலி | வெள்ளி, காலை 6.15

தெரியட்டும் தம்பி, அவர் சரி என்று சொன்ன பிறகு. பெரும்பாலானவர்கள் சரி என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் வைத்தால், உங்களுக்காகவே இழுப்பறையைத் திறந்து மூடுவார்கள், மாத்திரை அட்டையிலேயே இருக்கும். அப்படிப்பட்ட பதிவை வைத்து நானும் ஒன்றும் செய்ய முடியாது.

நேரத்தையும் அவரவர் நாளைக் கேட்டு வையுங்கள். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் எட்டு மணிக்கு வீட்டில் இருக்க மாட்டார்கள். காலை மாத்திரையை அவர்கள் கிளம்பும் முன்பு சாப்பிடும் நேரத்தோடு சேர்த்துவிடுங்கள்.

பதிவை யார் பார்ப்பது என்பதற்கு என் யோசனை: 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் ஏற்கெனவே போய்வருபவர் அவர்தான். முறைப்படி அனுமதி கேட்டுப் பாருங்கள். ஆனால் அவருக்கு இது கூடுதல் சுமை ஆகக் கூடாது. கைப்பேசியைப் பக்கத்தில் வைத்ததும் 'இந்த மாதம் இரவு மாத்திரை அடிக்கடி விட்டிருக்கிறது' என்று ஒரே வரி தமிழில் வர வேண்டும். அட்டவணையும் வரைபடமும் வேண்டாம்.

கோத்தகிரி மெக்கானிக் | வெள்ளி, இரவு 8.40

முடிவு செய்துவிட்டேன். நான்கு இழுப்பறை. முழு அட்டை. ரீட் ஸ்விட்ச், டிஎஸ்3231, தனிச் சில்லு, ஒரு 18650 லித்தியம் செல். மணியும் குரலும், ஒலியை அணைக்கும் பொத்தானும். சூரியன் உதிப்பது, தட்டு, மாலைச் சூரியன், நிலா என்று இழுப்பறைகளின் மேல் படம். முதல் பெட்டி அத்தை வீட்டில். வட்டார சுகாதார ஆய்வாளரைப் பார்த்துத் தன்னார்வலர் பற்றிக் கேட்கிறேன். செல்லைச் சார்ஜ் செய்வதை மாதாந்தர வேலையாக நானே வைத்துக்கொள்கிறேன்.

மருந்தாளுநர் ஐயா, ஞாயிறு மாலை குன்னூர் வரலாமா? அத்தையின் மருந்துச் சீட்டைக் கொண்டுவருகிறேன். எது எந்த இழுப்பறை என்று நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் அட்டைகளை உள்ளே வைப்பேன்.

குன்னூர் மருந்தாளுநர் | வெள்ளி, இரவு 9.15

வாருங்கள், ஏழு மணி வரை கடையில் இருப்பேன். சீட்டு மட்டும் போதாது, மஞ்சள் பையை அப்படியே எடுத்து வாருங்கள். கால்சியம் அட்டையில் இரும்பும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் பைக்குள் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.